தரை காயும்வரை

1

இது கதையாகப் பிறந்திருக்க வேண்டியதல்ல. ஞாயிறு மலரின் வீட்டுப் பக்கத்துக்கு, தரையைத் துடைத்தால் வீட்டுக்குள் இருக்கும் காற்று எப்படிச் சுத்தமாகும் என்று ஒரு குறிப்பு கேட்டிருந்தார்கள். "சின்னதா இருக்கட்டும்க்கா, கதை கிதை வேணாம்" என்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பெண் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். நானும் நல்ல பிள்ளையாக, பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தொடங்கினேன்:

நாம் மூச்சோடு இழுக்கும் தூசி பலசமயம் நம் காலடியிலிருந்தே எழுகிறது. நடந்தால் எழும். வறண்ட தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் இன்னும் எழும். எழுந்தது உடனே இறங்காது. அது

அதற்கு மேல் கை ஓடவில்லை.

காரணம், முந்தின நாள் சூலியா தெருவில் பார்த்தது. ஒரு சூட்கேஸ் வாங்கலாம் என்று வழக்கமாகப் போகும் கடைக்குப் போயிருந்தேன். வாசலில், ஐந்தடி நடைபாதையில், பெரிய கம்பளம் ஒன்று துண்டு துண்டாக வெட்டப்பட்டு, சுருட்டி, ரஃபியா கயிற்றால் கட்டி, சுவரோரம் அடுக்கியிருந்தது. எல்லாச் சுருளும் நனைந்திருந்தன. அடியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் வடிந்து கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கடைக்காரர் அப்துல் காதரும் அவருடைய தம்பி மனைவி ரோஹானாவும் இன்னொரு சுருளின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் துணி கட்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்பினார். சண்டை போட்டவர்கள் அப்படி ஒத்துப்போக மாட்டார்கள். சண்டை இல்லாதவர்கள் அவ்வளவு நேரம் பேசாமலும் இருக்க மாட்டார்கள்.

என்ன நடந்தது என்பதை ரோஹானா பிறகு, விட்டுவிட்டு, பல தடவையாகச் சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன். "பேரை மாத்திடுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

2

எங்கிருந்து தொடங்குவது?

முதல் முயற்சி: பினாங்கின் மேல் புகைமூட்டம் இறங்கியிருந்தது. கொம்தார் கோபுரத்துக்குத் தலையே இல்லை. பள்ளிக்கூடங்களை மூடலாமா என்று

அடித்துவிட்டேன். புகையில் தொடங்கினால் எல்லாப் பழியும் புகைக்கே போய்விடும். கடல் தாண்டி எங்கோ எரிகிற காட்டின் மேல் பழியைப் போடுவது சௌகரியமானது. இந்தக் கதையில் பழி அவ்வளவு தூரத்திலிருந்து வரவில்லை.

இரண்டாவது முயற்சி: மெஷின் சத்தம் கேட்டால் ரோஹானா செருப்பைத் தேடுவாள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

மெஷின் சத்தம் கேட்டால் ரோஹானா செருப்பைத் தேடுவாள். ஏழு வயது மகள் ஐனாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். மூச்சுக்கான நீல நிற மருந்துப் பம்பை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். "ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்" என்பாள், அல்லது "டீச்சர் கலர் பென்சில் வாங்கச் சொன்னாங்க" என்பாள். கடற்கரைத் திடல் வரை நடந்து போய், சும்மா உட்கார்ந்துவிட்டு, மெஷின் ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் திரும்புவாள். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐனாவுக்கு மட்டும் கலர் பென்சில்கள் நிறையச் சேர்ந்துவிட்டன.

3

மெஷினைப் பற்றிச் சொல்ல, அதற்கு முன்னால் வந்த கம்பளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கீழே கடை, மேலே வீடு. மேல்மாடித் தரை பழைய பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு. கீழே கடையில் விளக்குப் போட்டால் மேலே கூடத்தில் கோடு கோடாக வெளிச்சம் தெரியும். அப்துல் காதருக்கும் அவர் மனைவி ஷஹீதாவுக்கும் பிள்ளை இல்லை. தம்பி இர்வான் கப்பல் வேலைக்குப் போனபோது, "ரோஹானாவையும் புள்ளையையும் இங்கேயே விட்டுட்டுப் போ, தனியா எதுக்கு வாடகை" என்று அழைத்து வந்தவர் காதர்தான். ஐனா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். வந்த அன்றே அவள் உள்ளங்கையில் ஒரு சிராய் ஏறிவிட்டது. குழந்தை அழுததைவிட அதிகமாகக் கலங்கியவர் அவளுடைய பெரியத்தாவான காதர். மறுநாள் ஆள் வைத்து, கூடம் முழுக்க, சுவரிலிருந்து சுவர் வரை, கரும்பச்சைக் கம்பளம் போட்டுவிட்டார்.

அந்தக் கம்பளத்தில்தான் ஐனா நடக்கக் கற்றாள். அதில்தான் புரண்டாள், படுத்துப் படம் போட்டாள். இருமவும் அதில்தான் தொடங்கினாள்.

(இங்கே குறிப்புக்காரியின் குரல் ஒரு நிமிடம் குறுக்கிடுகிறது: பினாங்கு போன்ற ஈரப்பதமுள்ள ஊரில் சுவரோடு ஒட்டிப் போட்ட கம்பளம் காய்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பூஞ்சை, செருப்பில் வந்த மண், உடம்பில் உதிர்ந்த தோல் எல்லாம் அதன் வேர்க்காலில் தங்கும். மேலே பார்த்தால் பச்சைப் புல்வெளி மாதிரி இருக்கும். குறிப்பு முடிந்தது. கதைக்குத் திரும்புவோம்.)

கிளினிக் டாக்டர் இளம்பெண். ஐனாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் பூனை உண்டா, கம்பளம் உண்டா என்று விசாரித்தார். கம்பளம் உண்டு என்றதும், "எடுத்துடுங்க" என்றார். "உடனே முடியலைன்னா, பிள்ளை இல்லாத நேரத்துல சுத்தம் பண்ணுங்க. வெறும் தரையா இருந்தா ஈரத்துணியால துடைச்சா போதும். தூசியைக் கிளப்பாதீங்க. அதுதான் முக்கியம்."

அன்று மாலை ரோஹானா கடையில் போய் நின்றாள். "மச்சான், கார்பெட்ல தூசி இருக்காம். அதனாலதான் இருமுதாம் புள்ள. டாக்டர் சொன்னாங்க."

"அப்படியா?" காதர் கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்தார். "தூசியா? விடு, நான் பாத்துக்குறேன்."

மீதியைச் சொல்ல ரோஹானா வாயைத் திறப்பதற்குள் அவர் காடிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது காரின் டிக்கியில் ஒரு பெரிய வேக்கம் மெஷின். மூடிவிட்ட ஏதோ ஹோட்டலின் சாமான். பின்னால் தலையணை உறை மாதிரி ஒரு துணிப்பை தொங்கியது. "ஹோட்டல்ல ஓடுன மெஷின்மா. பவரைப் பாரு! ஐனா, இனிமே பெரியத்தா ஒரு தூசி விடமாட்டேன்."

அவருடைய முகத்தைப் பார்த்ததும் ரோஹானா மீதி வாக்கியத்தை விட்டுவிட்டு, மெஷினை மேலே தூக்க ஒரு கை கொடுத்தாள்.

4

என் முதல் பிரதியில் அப்துல் காதர் இப்படி இல்லை. அதில் அவர் முரடர். கம்பளத்தின் விலையைச் சொல்லிக் காட்டுபவர். "என் வீட்டுல எனக்கே சொல்லித் தர்றியா" என்று தம்பி மனைவியைப் பார்த்துக் கத்துபவர். எழுதும்போது விறுவிறுவென்று போனது. கெட்டவர் ஒருவர் கிடைத்துவிட்டால் கதை தன்னால் நடக்கும்.

ரோஹானாவிடம் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே தலையை ஆட்டினாள்.

"அவரு அப்படி இல்லக்கா."

"கதைக்காக மாத்தியிருக்கேன்."

"அப்படி இருந்திருந்தா எனக்கு ஈஸியா போயிருக்கும்லா. சண்டை போட்டுட்டு வெளியே போயிருப்பேன். அவரு நல்லவரா இருந்ததுதான் என் பிரச்சினையே."

அந்தப் பிரதியைக் கிழிக்கவில்லை; அழித்துவிட்டேன். ஆனால் இப்போதும் சில வாக்கியங்களில் அந்த முரட்டுக் காதர் எட்டிப்பார்ப்பார். தென்பட்டால் நீங்கள் நம்ப வேண்டாம். அது என்னுடைய சோம்பல்.

5

மெஷின் வந்த பிறகு ஐனாவுக்கு இருமல் அதிகமானது. அதிகமாக ஆக, காதர் இன்னும் அடிக்கடி மெஷினை ஓட்டினார். அவர் கணக்கு நேரானது: தூசியால் இருமுகிறாள், தூசியை எடுத்தால் இருமமாட்டாள், இன்னும் இருமுகிறாள் என்றால் இன்னும் எடுக்க வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை சொட்ட, சோபாவை நகர்த்தி, மூலை மூலையாக இழுப்பார். ஐனாவை வயரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். "என் மேனேஜர்" என்பார். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

ரோஹானாவுக்குப் புரிந்தது ஒரு காலை வெயிலில். காதர் கூடத்தைச் சுத்தம் செய்துவிட்டு இறங்கிப் போயிருந்தார். பலகணிச் சட்டங்களின் வழியே வெயில் சாய்வாக விழுந்தது. அந்த வெளிச்சத்துக்குள் தூசி கொதித்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்வதற்கு முன்னால் அங்கே அவ்வளவு இல்லை. மெஷின் பெரிய குப்பையை விழுங்கிவிட்டு, நைசான பொடியைப் பின்னாலிருக்கும் துணிப்பை வழியே அறை முழுக்க ஊதியிருக்கிறது. மேஜையில் விரலை இழுத்தாள். விரல் நுனி மங்கியது.

அன்று மாலையே ஐனாவுக்கு மூச்சு இழுத்தது.

அதற்கப்புறம்தான் செருப்பும் கலர் பென்சிலும். கூடவே, யாரும் கேட்காமல், படுக்கையறைத் தரையையும் மாடிப்படியையும் ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள். "எதுக்குமா உனக்கு வீண் சிரமம், மெஷின் இருக்குல்ல?" என்றார் காதர். "சும்மா இருக்கேன்ல மச்சான்" என்றாள்.

கப்பலிலிருந்து இர்வான் கூப்பிட்டபோது சொன்னாள்.

"நீங்க சொல்லுங்க. உங்க அண்ணன்தானே."

"போன்ல எப்படிலா சொல்றது? உங்க மெஷினாலதான் புள்ளைக்கு வருதுன்னு சொன்னா அவரு ஒடஞ்சி போயிடுவாரு. நேர்ல வந்து பக்குவமா சொல்றேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீதான் வெளியே கூட்டிட்டுப் போறியே."

(நான் இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு ரோஹானாவை மனதுக்குள் அதட்டினேன். ஏன் சொல்லவில்லை? ஒரு வாக்கியம்தானே? பிறகு நானே உரக்கச் சொல்லிப் பார்த்தேன். "மச்சான், நீங்க என் புள்ளைக்காகச் செய்யிறதுதான் அவளைக் கொல்லுது." நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உங்களுக்குச் சோறு போடுகிறவரிடம், உங்கள் பிள்ளையை மேனேஜர் என்று கூப்பிடுகிறவரிடம்.)

6

அந்த ஞாயிற்றுக்கிழமை.

இப்போதுதான் புகையைக் கொண்டுவர வேண்டும். வாரம் முழுக்க மூட்டம். தெருவில் எல்லாரும் முகக்கவசத்தோடு நடந்தார்கள். மதியம் ஷஹீதாவின் அண்ணன் குடும்பம் சாப்பிட வருவதாக இருந்தது. காலையில் ஷஹீதா பாசாருக்குக் கிளம்பினாள். சாமான் தூக்க ரோஹானாவும் கூட வர வேண்டும்.

"ஐனாவையும் கூட்டிட்டு வர்றேன் லாத்தா."

"இந்த ஜெரேபு புகையிலயா? கிறுக்கா உனக்கு? புள்ள வீட்டுலயே இருக்கட்டும். உன் மச்சான் இருக்காருல்ல."

ரோஹானா காதரைப் பார்த்தாள். "மச்சான், நீங்க இன்னிக்கு மெஷின் போடுவீங்களா?"

"இல்லம்மா. கடையில சரக்கு அடுக்கணும். சாயந்தரம் பாக்கலாம்."

அந்த ஒரு பதிலை நம்பித்தான் போனாள். ஐனா கம்பளத்தில் குப்புறப் படுத்து மீன் படம் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கையை ஆட்டினாள்.

சௌராஸ்தா பாசாரில் கூட்டம். ஷஹீதா வாவல் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசி ஒலித்தது. பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உன் மச்சானைப் பாரு. விருந்தாளி வர்றாங்கன்னதும் ரோஷம் வந்துருச்சு. கடையை அப்புறம் பாத்துக்குறேன், கூடத்தை ஒரு பிடி பிடிச்சிடுறேன்னு மெசேஜ்."

"எப்ப போட்டது?"

"என்னது?"

"மெசேஜ் லாத்தா! எப்ப அனுப்பினாரு?"

ஷஹீதா கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். செய்தி வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பாசார் இரைச்சலில் இப்போதுதான் பார்த்திருக்கிறாள்.

ரோஹானா கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே போட்டாள். வெங்காயம் உருண்டது. ஷஹீதா பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது, ஆனால் அதற்குள் அவள் தெருவுக்கு வந்துவிட்டாள். காதருக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மெஷின் ஓடும்போது இடியே விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. பினாங்கு ரோட்டில் விளக்கு மாறக் காத்திருக்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் திட்டினான். முகக்கவசத்துக்குள் அவளுக்கே மூச்சு முட்டியது. அதைப் பிய்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். வாய்க்குள் புகை கசந்தது.

கடை வாசலிலேயே மெஷினின் சத்தம் கேட்டது.

படிகளில் ஏறினாள். கூடத்தின் கதவு சாத்தியிருந்தது, திறந்தாள். புகை உள்ளே வராமலிருக்க எல்லாப் பலகணிகளையும் இழுத்து மூடியிருந்தார். மின்விளக்கு எரிந்தது. அதைச் சுற்றிக் காற்று மங்கலாக, பாலில் தண்ணீர் கலந்த மாதிரி இருந்தது. காதர் முதுகைக் காட்டியபடி தூர மூலையில் குனிந்து, சோபாவுக்கு அடியில் மெஷினின் கழுத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய மேனேஜர் வயரை விட்டுவிட்டிருந்தாள். பலகணியோரம் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. உதடு சாம்பல். கூப்பிடக் குரல் வேண்டும். குரலுக்கு மூச்சு வேண்டும்.

ரோஹானா வயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

திடீரென்று வந்த நிசப்தத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஐனாவின் நெஞ்சுக்குள்ளிருந்து, கதவிடுக்கில் காற்று நுழைவது போல, மெல்லிய விசில்.

காதர் திரும்பினார். பார்த்தார். "யா அல்லாஹ்" என்றார். கையிலிருந்த குழாயை எறிந்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினார். மருந்துப் பம்ப் எப்போதும் குளிர்பெட்டியின் மேல்தான் இருக்கும். இல்லை. அங்கிருந்த டப்பாக்களைத் தள்ளிவிட்டுத் தேடினார். பிஸ்கட் தகரம் தரையில் விழுந்து திறந்துகொண்டது. "எங்கம்மா? பம்ப் எங்கம்மா? இங்கதானே இருக்கும்!"

ரோஹானாவின் கை அதற்குள் அவள் தோளில் தொங்கிய கைப்பைக்குள் போயிருந்தது. விரல்கள் தொட்டன. வெளியே எடுத்தாள்.

வெளியே போகும்போதெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு பழகிய கை. இன்று பிள்ளை இல்லாமல் போனபோதும் பை மட்டும் கூடப் போயிருக்கிறது, உள்ளே மருந்தோடு.

காதர் சமையலறை வாசலில் நின்றார். பம்ப் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "காடியை எடுக்குறேன்" என்று படிகளில் இறங்கினார்.

7

ஒருவழிப் பாதைகள் நிறைந்த ஊர் இது. ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகவே முடியாது. அந்தப் பயணத்தை விரிவாக எழுதியிருந்தேன்; எடுத்துவிட்டேன். பதற்றத்தை நீட்டிச் சுவைப்பது போல எனக்கே பட்டது. நடந்தது இவ்வளவுதான்: காதர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்சீட்டில் ரோஹானா பம்போடு மாட்டும் பிளாஸ்டிக் குழலை மகளின் முகத்தில் பொருத்தி மருந்தை அழுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். "மூச்சை இழு கண்ணு, அம்மாவைப் பாரு, இழு." ஐனா பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ரோஹானா அவள் கன்னத்தில் அறைந்தாள். கண் மறுபடி திறந்தது.

அவசரப் பிரிவில் பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவை மூடினார்கள்.

நெடுநேரம் கழித்து ஒரு தாதி வந்து, திணறல் இறங்கிவிட்டது, பயமில்லை, ஆனால் சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னாள். அதுவரை நடைக்கூடத்தில் ரோஹானாவும் காதரும் எதிரெதிரே நின்றார்கள். பயமில்லை என்ற சொல்லைக் கேட்டதும் ரோஹானாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை.

"அந்த மெஷின்தான் மச்சான்."

காதர் நிமிர்ந்தார்.

"தூசியை எடுக்கல அது, ஊதுது. ஒவ்வொரு தடவை நீங்க போடும்போதும் அவளுக்கு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும்! அதனாலதான் நான் அவளை இழுத்துக்கிட்டுத் தெருத் தெருவா அலைஞ்சேன். கார்பெட்டை எடுக்கச் சொன்னாங்க டாக்டர். நீங்க முழுசாக் கேக்கக்கூட இல்ல. நீங்கதான் மச்சான். நீங்கதான்."

அப்போதுதான் வந்து சேர்ந்த ஷஹீதா திகைத்து நின்றாள். "என்ன பேச்சு இது ரோஹானா! யாரைப் பாத்துப் பேசுற!"

காதர் மனைவியின் கையைத் தொட்டு நிறுத்தினார்.

இந்த இடத்தில் என் பேனா அவருக்காகத் துடித்தது. அவரிடம் ஒரு பதில் இருந்தது. மருந்து உன் பையில இருந்துச்சேம்மா. அதைச் சொல்லியிருந்தால் ரோஹானா அங்கேயே சரிந்திருப்பாள். நியாயமான பதில். முதல் பிரதியின் முரட்டுக் காதர் நிச்சயம் சொல்லியிருப்பார். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

இவர் சொன்னது: "சரிம்மா."

அவ்வளவுதான். திரும்பி, செருப்புச் சத்தம் கேட்காமல், நடைக்கூடத்தின் கடைசி வரை நடந்து போனார்.

8

முடிவுகள்.

முதலாவது: கம்பளம் போனது, தரை பளபளத்தது, ஐனா சிரித்தாள். கீழே ஒரு கட்டம் போட்டு அதற்குள் ஐந்து யோசனைகள். பத்திரிகைக்கு ஏற்றது. அதில் ஆஸ்பத்திரி நடைக்கூடம் இல்லை.

இரண்டாவது: இர்வான் ஓடி வருகிறான். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு தனி வீடு போகிறான். மேல்மாடியில் காதரும் ஷஹீதாவும் மட்டும். இதை ரோஹானாவிடம் சொன்னபோது, "என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஐனா முதல்ல யாரைக் கேட்டா தெரியுமா? கண்ணைத் தொறந்ததும் பெரியத்தா எங்கன்னுதான்."

ஆகவே இரண்டும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று மாலை ஷஹீதாவைப் பிள்ளையோடு விட்டுவிட்டு, ஐனாவுக்கு மாற்றுத்துணி எடுக்க ரோஹானா வீட்டுக்கு வந்தாள். படியிலேயே இருமல் கேட்டது. மேலே காதர் அட்டைப்பெட்டி பிரிக்கும் கத்தியால் கம்பளத்தை அறுத்துக்கொண்டிருந்தார். பாதிக் கூடம் உரிந்துவிட்டது. உரித்த இடத்தில் அடியிலிருந்த பஞ்சு மக்கி, மஞ்சள் மாவாகிப் பலகையோடு ஒட்டிக்கிடந்தது. அதற்குக் கீழே கறுத்த மண். அறையில் எதிர்ச்சுவர் சரியாகத் தெரியவில்லை. அவர் முகம், இமை, தாடி எல்லாம் ஒரே நிறம். இருமி இருமிக் குனிந்தார், நிமிர்ந்து மறுபடி அறுத்தார்.

"நிறுத்துங்க மச்சான்!"

நிறுத்தினார்.

"இப்படிக் காய்ஞ்சபடியே பிச்சா எல்லாம் மேல ஏறும். தண்ணி தெளிக்கணும்."

அவர் கத்தியை மடக்கினார். "நீ சொல்லும்மா. நீ சொல்ற மாதிரி செய்யிறேன்."

ரோஹானா இரண்டு துணிகளை நனைத்து, ஒன்றைத் தன் முகத்தில் கட்டிக்கொண்டு, மற்றதை அவரிடம் கொடுத்தாள். பலகணிகளைத் திறந்தாள். வெளியே இருந்த புகை உள்ளே இருந்ததைவிட நல்லதாகத் தோன்றியது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கம்பளத்தின் மேல் கையால் தெளித்தாள். நனைந்ததை அவர் அறுத்தார், அவள் சுருட்டினாள். பிறகு இருவரும் முட்டி போட்டு, உட்சுவரிலிருந்து படிப் பக்கமாக, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தார்கள். துணியை அலசிய தண்ணீர் முதலில் தாராக இருந்தது. காதர் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மாற்றி வந்தார். அப்புறம் கோப்பி நிறம். அப்புறம் தேத்தண்ணி. அறை மெல்ல மெல்லத் தெளிந்தது. எதிர்ச்சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எழுத்துகள் வாசிக்கக் கிடைத்தன.

"ஐனா இப்ப எப்படி மூச்சு விடுறா?" என்று கேட்டார் அவர், தரையைப் பார்த்தபடி.

"நல்லா விடுறா. தூங்குறா."

"ம்."

9

பின்னால் நடந்தவை: ஐனா வீட்டுக்கு வந்தாள். பலகை இடுக்குகளை மரத்தூளும் பசையும் குழைத்துக் காதரே அடைத்தார். தேய்த்து, மேலே மெருகெண்ணெய் பூசி, அதன் வாடை போகும்வரை பிள்ளையை உள்ளே விடவில்லை. மெஷினைப் பிரித்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார். இப்போது காலையில் கடை திறக்கும் முன் நன்றாகப் பிழிந்த துணியால் கூடத்தைத் துடைக்கிறார். ஐனா அந்த நேரத்தில் பள்ளிக்குப் போயிருப்பாள். நோய் ஒரேயடியாகப் போய்விடவில்லை; போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ராத்திரிகளில் அவள் தூங்குகிறாள்.

எல்லாம் தெரிந்துகொண்டேன், ஒன்றைத் தவிர. அந்த மாலையில், அந்தக் கூடத்தில், தன் பையிலிருந்த மருந்தைப் பற்றி ரோஹானா அவரிடம் பேசினாளா?

கேட்டேன். ரோஹானா எழுந்து தேநீர் போடப் போனாள். திரும்பி வந்து புதிய பள்ளிப் பேருந்தைப் பற்றிப் பேசினாள். இன்னொரு நாள் காதரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவர் எனக்கு விற்ற சூட்கேஸின் சக்கரம் சரியாக உருள்கிறதா என்று விசாரித்தார்.

ஆகவே இனி வருவது என் கையில் இருக்கிறது. எழுதிப் பார்த்தேன்.

கூடத்தில் கடைசிப் பலகை மட்டும் பாக்கி. ரோஹானா துணியைப் பிழிந்தாள். கை நின்றது. "மச்சான்" என்றாள். அவர் நிமிர்ந்தார். "காலையில அந்த மருந்து

இதற்கு மேல் பல விதமாக எழுதி அழித்துவிட்டேன். ஒன்றில் அவர், "தெரியும்மா, விடு" என்கிறார். அது அவரைப் பெரியவராக்கி அவளைச் சின்னவளாக்கிவிடுகிறது. ஒன்றில் அவர் முதல்முறையாகக் கோபப்படுகிறார், அவள் அதை வாங்கிக்கொண்டு இளைப்பாறுகிறாள். ஒன்றில் அவள், "காலையில அந்த மருந்துச் சீட்டை எங்க வெச்சீங்க" என்று வாக்கியத்தை வேறு பக்கம் திருப்பிவிடுகிறாள். மூன்றும் நடந்திருக்கக்கூடியவை. மூன்றும் எனக்கு உதவும். அவர்களுக்கு உதவுமா, தெரியாது.

இருவரும் இன்னும் முட்டி போட்டபடியே இருக்கிறார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் வாய் திறந்திருக்கிறது. இந்த அறையில் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை. நான் இறங்கிப் போகிறேன். நீங்கள் வேண்டுமானால் இருந்து கேளுங்கள். உள்ளே கால் வைக்கும்போது மட்டும் கவனம். தரை இன்னும் ஈரமாக இருக்கிறது.